இசை நாடகங்களுள் தலையாயது எது?

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் பெருமை பேசுகிறோம். ஆயினும் இலக்கியக் கூட்டங்களில் இயலுக்கு மேடை கிடைக்கிறது. கச்சேரி அரங்கில் இசைக்கு இருக்கை கிடைக்கிறது. மூன்றாவது பிள்ளையாகிய நாடகம் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. அதிலும், பாட்டும் உரையாடலும் ஆட்டமும் ஒன்றாய்க் குழைந்த இசை நாடகத்தை 'அந்தக் காலத்துப் பாட்டு நாடகம்' என்று ஒதுக்குவது படித்தவர்க்கு வழக்கமாகிவிட்டது. திரைப்படப் பாடல்களுள் எது சிறந்தது என்று விடிய விடிய வாதிடும் நாம், அத்திரைப்படத்தையே பெற்றெடுத்த இசை நாடகங்களுள் எது தலையாயது என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

கேட்டால் விடை கிடைக்காமற் போகாது. நம் பாம்பூஃப்ளாட்டில் பல சீமைத் தமிழர் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கின்றனர். தஞ்சைப் பக்கத்தார் 'நந்தனார்' என்பர். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்தார் 'வள்ளி திருமணம்' என்பர். இலங்கைத் தொடர்புடையோர் 'அரிச்சந்திர மயான காண்டம்' என்பர். இசை கற்றவர் 'இராம நாடகம்' என்பர். அவரவர் ஊர்ப் பாசம் அவரவர் விடையில் இருக்கும். அப்பாசத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று அளவுகோல்கள்

எந்த நாடகத்தையும் மூன்று வினாக்களால் அளக்கலாம் என்பது எம் கருத்து. முதலாவது: பாட்டு அதன் எலும்பா, ஆடையா? பாட்டை நீக்கினாலும் கதை நிற்குமாயின் அது பாட்டு ஒட்டிய நாடகம். கதையை நீக்கினாலும் பாட்டு நிற்குமாயின் அது நாடகம் ஒட்டிய பாட்டு. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதிருப்பதே இசை நாடகம். இரண்டாவது: ஆக்கியோனும் முதன்முதலில் நடித்தவர்களும் மறைந்த பின்னும் அது மேடையில் உயிரோடு உள்ளதா? மூன்றாவது: ஒவ்வொரு காலத்தின் வேதனைக்கும் தன்னுள் இடம் தருகிறதா?

இம்மூன்றாவது வினாவே முதன்மையானது. ஏனெனில் பொழுதுபோக்குக்குப் பஞ்சமில்லை. மக்கள் தம் நெஞ்சில் கிடப்பதைத் தாமே சொல்லத் துணியாதபோது, அதனைச் சொல்ல ஒரு மேடை வேண்டும். அதைத் தருவதே பெரிய நாடகம்.

இராம நாடகமும் குறவஞ்சியும்

சீர்காழி அருணாசலக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய இராம நாடகக் கீர்த்தனை காலத்தால் மூத்தவற்றுள் ஒன்று. கம்பன் காவியத்தை அவர் கீர்த்தனையாகவும் தருவாகவும் உருக்கி வார்த்தார், திருவரங்கத்தில் அரங்கேற்றினார். கருநாடக இசை மும்மூர்த்திகளுக்கு முன்பே, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் தமிழில் இத்தனை பாடல்களை நாடகத்துக்காகப் படைத்தவர் என்ற பெருமை அவருடையது. ஆனால் இன்று அந்நாடகம் எங்கே? அதன் பாடல்கள் கச்சேரி மேடையிலும் நாட்டிய அரங்கிலும் தனித்தனியே உலவுகின்றன. பழைய மெட்டுகள் பல மறைந்து, பின்னாளில் வித்துவான்கள் புதிய இராகங்களில் அமைத்துப் பாடுகின்றனர். மணிகள் இருக்கின்றன, கோத்த நூல் அறுந்துவிட்டது. முதல் அளவுகோலிலேயே அது பின்னடைகிறது.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியும் அத்தகையதே. குறத்தியின் மலைவளப் பேச்சிலும் சிங்கன் சிங்கி உரையாடலிலும் உள்ள துள்ளல் தமிழில் வேறெங்கும் இல்லை. 1944இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம் அதனை நாட்டிய நாடகமாக மேடையேற்றி மறுவாழ்வு தந்தது. ஆயினும் அது கற்றோர் அரங்கில் பெற்ற வாழ்வு. ஊர்ப் பொட்டலில் பெற்றதன்று.

நந்தனார்: பெருங்கேள்வி எழுப்பிய நாடகம்

அடுத்து நிற்பது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. இதனை எளிதில் தாண்டிச் செல்ல இயலாது. பெரிய புராணத்தில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் பண்ணையார் இல்லை. அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கும் காட்சியும் இல்லை. தில்லை காண விழையும் பண்ணையாளும், போகவிடாது தடுக்கும் வேதியரும் எதிரெதிர் நிற்கும் போராட்டம் பாரதியார் படைத்தது. காவிரிக் கரை வயல்களில் தம் கண்ணால் கண்டதை அவர் புராணத்துக்குள் கொண்டுவந்தார். நொண்டிச் சிந்து முதலிய எளிய மெட்டுகளையே அதற்குக் கருவியாக்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளை எண்ணிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டு உருகிய பின்னரே தந்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். புலமை தயங்கிய இடத்தில் பாட்டு வென்ற வரலாறு அது.

பிற்காலத்து எழுத்தாளர்களும் நந்தனை விட்டுவைக்கவில்லை. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என நாடகமே எழுதினார். தலைமுறைகள் ஒரு படைப்போடு திரும்பத் திரும்ப வாதிடுகின்றன என்றால் அதன் வலிமைக்கு வேறு சான்று வேண்டா.

அவ்வாறாயின் இதுவே தலையாயது எனலாமே? இரு தடைகள் உள்ளன. ஒன்று, இது கதாகாலட்சேபத்துக்கென ஒருவர் பாடி விரித்துரைக்க எழுந்தது. மேடை நாடகமாகவும் திரைப்படமாகவும் ஆனது பின்னர். மற்றொன்று பெருந்தடை. நந்தன் எழுப்பும் கேள்விக்கு நாடகம் தரும் விடை நெருப்பு. தீயில் மூழ்கித் தூயனாய் எழுந்த பின்னரே அவனுக்குக் கோயில் திறக்கிறது. கேட்டவன் தன் உடலை இழந்தான். மறுத்தவர் இருந்த இடத்தில் இருந்தனர். இக்குறையை உணர்ந்ததாலன்றோ பின்னோர் புதிது புதிதாக நந்தனை எழுதினர்?

அரிச்சந்திரனின் சுடுகாடு

அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்துக்கு ஒப்பான சோகம் நம் மேடையில் இல்லை. யாழ்ப்பாணத்து நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அதனைப் பாடி நடித்தே ஈழத் தமிழர் உள்ளத்தில் அழியா இடம் பெற்றார். இளமையில் கண்ட அரிச்சந்திர நாடகம் தம்மை ஆட்கொண்டதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருப்பதையும் நாம் அறிவோம். அரசன் சுடலை காக்கிறான். இறந்த மகனைத் தூக்கிவந்த மனைவியிடமே கூலி கேட்கிறான். கல்லும் கரையும் காட்சி அது.

ஆயினும் சந்திரமதியை எண்ணிப் பாருங்கள். கணவனின் வாய்மைக்காக அவள் விற்கப்படுகிறாள். விற்பது தகுமா என்னும் கேள்வியை அந்நாடகம் அவளுக்குத் தரவில்லை. அழுகையை மட்டும் தருகிறது. இறுதியில் இவையெல்லாம் சோதனையே என்று முனிவர் வந்து உரைத்ததும், அதுவரை நாம் அழுத அழுகையும் திருப்பிக் கொடுக்கப்பட்ட கடன் போலாகிவிடுகிறது.

தினைப்புனத்து மேடை

எஞ்சி நிற்பது வள்ளி திருமணம். தூத்துக்குடியில் 1867இல் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய 40க்கும் மேற்பட்ட நாடகங்களுள் ஒன்று. கதை நாம் அறிந்ததே: தினைப்புனம் காக்கும் குறமகளை நாரதர் காண்கிறார், முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வருகிறான், யானையைக் காட்டி அச்சுறுத்தி மணம் கொள்கிறான். கந்தபுராணத்தின் கடைசிப் பகுதியில் கச்சியப்பர் பாடியது. நற்றிணையிலேயே வள்ளியின் பெயர் முருகனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தினைப்புனம், கிளி கடிதல், மான் வினாவி வரும் தலைவன், களவில் தொடங்கிக் கற்பில் முடியும் காதல் ஆகிய குறிஞ்சித் திணையின் உரிப்பொருளும் கருப்பொருளும் அனைத்தும் இதில் உள்ளன. சங்கப் புலவன் பாடிய அகத்திணை, ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க ஊர்ப் பொட்டலில் இறங்கி வந்ததே வள்ளி திருமணம் என்னலாம்.

இது இன்றும் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறையில் தென்மாவட்டக் கோயில் விழாக்களில் நடைபெறுகிறது. அம்முறை வியப்பானது. நிலையான குழு இல்லை; ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவர். முன்பின் பழகாதவர்களும் அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடிப்பர். சுவாமிகளின் பாட்டும் கதையும் அனைவர் நெஞ்சிலும் இருப்பதால் இது இயலுகிறது. எஞ்சியதைத் தர்க்கம் நிரப்புகிறது.

தர்க்கமே இந்நாடகத்தின் உயிர்நாடி. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் மணிக்கணக்கில் நீளும். பாட்டில் ஒரு கேள்வி எழும். வசனத்தில் விடை வரும். விடையை மடக்கி மறுபாட்டு எழும். எழுதிவைத்த சொல்லை ஒப்பிக்க இங்கு இடமில்லை. எதிரில் நிற்பவர் எதைக் கேட்பார் என்று தெரியாது. சமயம், இலக்கணம், பெண்ணின் நிலை, அன்றைய நாட்டு நடப்பு என எதுவும் வரலாம். தேவமுனிவரின் முன் ஒரு குறப்பெண் நிமிர்ந்து நின்று, கேள்விக்குக் கேள்வி தொடுப்பாள். நந்தன் அனுமதி வேண்டி நின்றான். சந்திரமதி விற்கப்பட்டு நின்றாள். வள்ளி வாதிட்டு நிற்கிறாள்.

மேலை நாட்டுப் புகழ்பெற்ற இசை நாடகங்களோடு இதனை ஒப்பிடுக. 'தி பேண்டம் ஆஃப் தி ஓபரா' நியூயார்க் நகரில் 1988 முதல் 2023 வரை 13,000க்கும் மேற்பட்ட முறை நடந்தது. முதல் நாள் பாடிய சுரமே கடைசி நாளும். முதல் நாள் பேசிய சொல்லே கடைசி நாளும். அந்தத் துல்லியம் போற்றத்தக்கது. நம் வள்ளியோ நேற்றுப் பேசியதை இன்று பேசமாட்டாள். அது கட்டி முடித்த கோபுரம். இது ஆண்டுதோறும் விதைத்து அறுக்கும் தினைப்புனம்.

புனத்தில் புகுந்த நாடு

மூன்றாம் அளவுகோலுக்கு வருவோம். ஆங்கில அரசு 1876இல் நாடகச் சட்டம் இயற்றியது. அரசுக்கு எதிரானது எனக் கருதும் நாடகத்தைத் தடை செய்யவும், நாடகப் படியைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. வள்ளி திருமணத்தின் படியை வாங்கிப் பார்த்தவர் கண்டது என்ன? முருகன், வள்ளி, தினை, கிளி. ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? ஆனால் வள்ளி பறவை ஓட்டும் இடத்தில் நடிகர் எந்தப் பாட்டையும் பாடலாம். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்கள் அவ்விடத்தில் புகுந்தன. விளைந்த தினையைத் தின்னவரும் வெள்ளைக் கொக்கு யார் என்று பொட்டலில் அமர்ந்திருந்த பாமரருக்கும் விளங்கிற்று. படியில் இல்லாத பாட்டைப் படி பார்த்துத் தடுப்பது எங்ஙனம்?

அப்பாட்டால் சிறை புகுந்தவர் தியாகி விசுவநாத தாஸ். சிவகாசியில் 1886இல், நாவிதர் குலத்தில் பிறந்தார். அவர் பிறப்பைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்த நடிகையரும் உண்டு. அவர் பலமுறை சிறை சென்றார்; வறுமையில் வாடினார்; பாட்டை விடவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இந்நிகழ்ச்சியை நந்தனார் கதையின் அருகில் வைத்துப் பாருங்கள். நந்தனார் நாடகத்தில், தாழ்த்தப்பட்டவன் இறைவனைக் காண நெருப்பில் இறங்க வேண்டும். வள்ளி திருமண மேடையில், தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்ட ஒருவர் இறைவனாகவே அமர்ந்தார், ஊரே கைகூப்பியது. நந்தனார் கேட்ட கேள்விக்கு வள்ளி திருமணம், தன் கதையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே, மேடையில் விடை தந்துவிட்டது. எம் தீர்ப்பு இவ்விடத்திலேயே உறுதிப்படுகிறது.

நமக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. நம் படகுத்துறையின் எதிர்க்கரையில் செல்லுலார் சிறை நிற்கிறது. வங்கத்திலும் பிற மாநிலங்களிலும் கிளர்ந்தெழுந்தவர்களை அடைக்க ஆங்கிலேயர் எழுப்பி 1906இல் முடித்த கட்டடம் அது. அக்கொட்டடிகளில் அடைபட்டவர் கேட்ட அதே விடுதலையைத்தான் தென்பாண்டிப் பொட்டல்களில் வள்ளியின் கவண்கல் கேட்டது.

குறைகளும் உண்டு

தலையாயது என்றதால் குறையற்றது என்பதன்று. யானையைக் காட்டி ஒரு பெண்ணை இணங்கவைப்பது இக்காலத்து நெஞ்சுக்கு ஒவ்வாது. இரவெல்லாம் வாதில் வென்றவளை இறுதியில் அச்சத்தால் வெல்வது நாடகத்துக்கும் அழகன்று. 'உன்னை அஞ்சவைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமா?' என்று வள்ளியே அவ்விடத்தில் கேட்கலாம். அக்கேள்வியைச் சேர்க்க எந்த நூலையும் திருத்த வேண்டியதில்லை. தர்க்கத்தில் அதற்கு இடம் என்றும் திறந்தே இருக்கிறது. இந்நாடகத்தின் குறையை இந்நாடகத்தின் உள்ளிருந்தே தீர்க்கலாம் என்பதும் அதன் பெருமைக்குச் சான்று.

பபூனும் நடனக்காரியும் தோன்றும் முன்பகுதியில் சில இடங்களில் பேச்சு எல்லை மீறுவதும் உண்மை. அதனினும் பெருங்குறை பார்ப்பவராகிய நம்முடையது. மேடையில் வள்ளியாக நிற்கும்போது கும்பிடுகிறோம்; பொழுது விடிந்ததும் அந்த நடிகையை இழிவாகப் பேசுகிறோம். கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெருங்கலைஞரைத் தமிழுலகுக்குத் தந்தது இந்த மேடையே. 1920களில் கொழும்பில் அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் கடல் கடந்த தமிழரைக் கட்டி ஆண்டது. கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தபின் சுந்தராம்பாள் ஆடவரோடு இணை சேர்ந்து நடிப்பதை விட்டார். 1935இல் வெளிவந்த திரைப்படத்தில் தாமே நந்தனாராக வேடம் தாங்கினார். மேடையில் வள்ளியாக வாதிட்ட அதே குரல்தான் திரையில் நந்தனாராக இறைஞ்சியது.

நம் பிள்ளைகளுக்கு எது?

இவ்வாராய்ச்சி வெறும் பட்டிமண்டபப் பொழுதுபோக்கன்று. இத்தீவுகளின் கடைத்தெரு மொழி இந்தி. பள்ளியில் பலருக்கு இந்தியோ ஆங்கிலமோ பயிற்றுமொழி. விழா மேடையில் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுப் பாடுகின்றனர், இனிமையாகவே பாடுகின்றனர். ஆனால் கையிலுள்ள தாளை வாங்கிப் பார்த்தால் தமிழ்ப் பாட்டு நாகரி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதப்பட்டிருக்கும். ஒலி வருகிறது, மொழி வருவதில்லை. பாட்டை இரவல் எழுத்தில் எழுதி ஒப்பித்துவிடலாம். தர்க்கத்தை அவ்வாறு ஒப்பிக்க இயலாது. எதிரே நிற்பவன் கேட்டதைச் செவியில் வாங்கி, பொருள் உணர்ந்து, அக்கணமே தன் சொல்லால் விடை தொடுக்க வேண்டும். அதற்குத் தமிழில் சிந்திக்க வேண்டும்.

பங்குனி உத்திரத்தன்று காவடி எடுத்து முருகனை இத்தீவில் நாம் குடியமர்த்திவிட்டோம். வள்ளியை இன்னும் குடியமர்த்தவில்லை. முழு இரவு நாடகம் நடத்தும் வசதி நமக்கு இல்லை என்பர். வேண்டா, அரை மணி நேரத் தர்க்கம் போதும். ஒரு பெண் வள்ளியாகவும் ஒரு பையன் நாரதராகவும் நிற்கட்டும். சுவாமிகளின் பாட்டுகளுள் இரண்டைப் பாடட்டும். இடையே தம் சொந்தத் தமிழில் வாதிடட்டும். தடுமாறுவர், இந்திச் சொல் குறுக்கே வரும், கொச்சை வரும். வரட்டும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையே பிழை பொறுத்துப் பாட்டுக்கு உருகினார் என்றால், நாம் பொறுக்கலாகாதா?

காலத்தால் மூத்தது இராம நாடகம். கேள்வியால் உயர்ந்தது நந்தனார். கண்ணீரால் ஆழ்ந்தது அரிச்சந்திரம். ஆனால் அன்றன்று புதிதாய்ப் பிறந்து, யார் வந்து நின்றாலும் தோள் கொடுத்து, வாயில்லாதவர்க்கு வாய் தந்து, நடிப்பவரைத் தமிழில் சிந்திக்கவைப்பது வள்ளி திருமணம் ஒன்றே. ஆதலின் தமிழ் இசை நாடகங்களுள் தலையாயது அதுவே என்பது எம் துணிபு. மறுப்போர் மறுக்கலாம், மறுப்பைத் தமிழில் மேடையேறிச் சொல்வராயின் அதுவும் வள்ளியின் வெற்றியே.

வளர்க நாடகத் தமிழ்!